நிரையில் இன்னொருத்தி

சூரியநெல்லி ஜங்ஷனில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் நான்கு வரிகள் இருந்தன. முதல் மூன்றும் உண்மை. பெயர் முருகேஸ்வரி, ஊர் சூரியநெல்லி, விளையாட்டு ரக்பி. நான்காவது வரி மட்டும் பொய்: 'இந்தியாவுக்காக ஆடிய எங்கள் தங்கம்.'

முருகேஸ்வரி இந்தியாவுக்காக ஆடியிருக்கவில்லை. இந்திய அணியோடு வெளிநாடு போனார். இந்தியச் சட்டை போட்டார். தேசிய கீதம் ஒலித்தபோது வரிசையில் நின்று பாடினார். பிறகு இரண்டு ஆட்டங்களிலும் கோட்டுக்கு இந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

ரக்பியில் இதற்குக் கறாரான கணக்கு ஒன்று உண்டு. நாட்டுக்காகக் கோட்டைத் தாண்டிக் களத்தில் கால் வைத்தால்தான் ஆடியதாகச் சேரும். அதன் அடையாளமாக ஒரு தொப்பி கொடுப்பார்கள். ஒரு நிமிடம் ஆடினாலும் தொப்பி உண்டு. பெஞ்சைவிட்டு எழாதவருக்கு எத்தனை நாடு சுற்றினாலும் பூஜ்யம்தான்.

இதை யாரிடம் விளக்குவது? மூணாறிலிருந்து வந்த பஸ் நின்றதும் செண்டை மேளம் தொடங்கிவிட்டது. பஞ்சாயத்து மெம்பர் மாலை போட்டார். மாரியம்மன் கோவிலில் அர்ச்சனை. வரவேற்புக்கு ஸ்வீகரணம் என்று மலையாளத்தில் நோட்டீஸ் அடித்திருந்தார்கள், பேச்செல்லாம் தமிழில். தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்த பெண் நாட்டுக்காக ஓடியதையும் விழுந்ததையும் எழுந்ததையும் பேசியவர்கள் ஒவ்வொருவரும் தாங்களே பார்த்ததுபோலச் சொன்னார்கள். முருகேஸ்வரியிடம் மைக் வந்தபோது நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அவருடைய அம்மா மாரித்தாய் அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். மறுநாள் காலை மஸ்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவிடம் முருகேஸ்வரி விஷயத்தைச் சொன்னார். தான் களத்தில் இறங்கவே இல்லை என்றார். மாரித்தாய் இடுப்பில் சாக்கைக் கட்டியபடியே கேட்டார்.

"மஸ்டருக்குப் போயி நின்னேல்ல?"

"நின்னேன்."

"அதுக்குப் பொறவு மழை பெஞ்சா அது ஒன் குத்தமா? வேலைக்கு வந்ததாத்தான் எழுதுவாங்க. போடி, போயி முகத்தைக் கழுவு."

எஸ்டேட்டில் அப்படித்தான். ஆள் எடுக்கும் இடத்துக்கு நேரத்தில் வந்து நின்றுவிட்டால் வந்தது வந்ததுதான். ஆடுவதற்கும் ஆடப் போவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பது அந்த ஊருக்குப் புரியாததில் வியப்பில்லை. தம்பி லோகேஷுக்குப் புரிந்தது. கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஊருக்குச் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்குள் அக்காவைக் கேலி செய்யாமல் விடவும் இல்லை. "இந்தியாவுக்காக உக்காந்த மொத ஆளு நீதான். அதுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் வச்சிருவமா?" என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் தினமும் கேட்பார். முருகேஸ்வரி கரண்டியை ஓங்குவார். சிரிப்பார்கள். ஆனால் ஜங்ஷனைத் தாண்டும்போது தலையை நிமிர்த்தி அந்த ஃபிளெக்ஸைப் பார்ப்பதை முருகேஸ்வரி நிறுத்திவிட்டார்.

அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பள்ளியில் குண்டு எறிந்தவர். விடுமுறை நாட்களில் அம்மாவோடு போய்க் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்குச் சுமந்தவர். சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருந்த ஜிபி என்ற பயிற்சியாளர் பெண்கள் ரக்பிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கழுத்துப் பலம் உள்ளவர்கள்தான் அவருக்குக் கிடைக்காமல் இருந்தார்கள். முருகேஸ்வரியைப் பார்த்ததும் அந்தத் தேடல் முடிந்தது. அதிலிருந்து காலையில் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலை, மாலையில் சித்திரபுரத்துச் சரிவு மைதானம் என்று பத்து வருடம் ஓடியது. முதலில் மாவட்டம், பிறகு கேரளா, கடைசியில் இந்திய முகாம்.

கழுத்து எதற்கு என்றால் ஸ்க்ரம்முக்கு. இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பிணைத்து, தலையோடு தலை கோத்து முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவர் பெயர் ஹூக்கர். உள்ளே உருளும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர். பந்து கோட்டுக்கு வெளியே போனால் அதைத் தலைக்குமேல் பிடித்து உள்ளே எறிபவரும் அவரேதான். அந்த எறிதலுக்கு லைன் அவுட் என்று பெயர். எறிவதற்கு முன் ஹூக்கர் ஒரு சங்கேதச் சொல்லைக் கத்துவார். யார் குதித்துப் பிடிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.

கேரள அணியின் ஹூக்கர் செல்வப்பிரியா. பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிக்காரர், முருகேஸ்வரியைவிட ஆறு வயது இளையவர். அவருக்கு இடது பக்கம் முருகேஸ்வரி. ஐந்து வருடம் ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டுத் தள்ளியவர்கள். அணியில் தமிழ் பேசியவர்கள் இந்த இருவர்தான். இரண்டும் ஒரே தமிழ் இல்லை. எதற்கெடுத்தாலும் "ங்க" போடும் செல்வப்பிரியாவை, எதிரணியை முட்டும்போதும் "கொஞ்சம் தள்ளிக்கங்க"ன்னு சொல்லிட்டுத்தான் முட்டுவியா என்று முருகேஸ்வரி கேலி செய்வார். எதிரணிக்குப் புரியாத சங்கேதச் சொற்கள் வேண்டும் என்று கேரள கேப்டன் சிசிலி சொன்னபோது, இவர்கள் இருவரும் ஊர்ப் பெயர்களைக் கொடுத்தார்கள். எலப்புள்ளி என்றால் முன்னால் நிற்பவருக்கு. சித்திரபுரம் என்றால் நடுவில். சூரியநெல்லி தூரம், அதனால் கடைசி ஆளுக்கு.

இந்திய அணிக்கு இருவரும் ஒன்றாகத் தேர்வானார்கள். செல்வப்பிரியா முதல் ஹூக்கர். செல்வப்பிரியா வராத நாட்களில் நடுவில் நின்று எறிந்து பழகிய முருகேஸ்வரி மாற்று ஹூக்கர். முன்வரிசையில் பயிற்சி இல்லாதவரை நிறுத்தினால் கழுத்து முறியும் என்பதால் மாற்று ஹூக்கர் இல்லாமல் எந்த அணியும் வராது. அந்த விதிதான் முருகேஸ்வரிக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தது. பெஞ்சில் உட்கார வைத்ததும் அதுதான். செல்வப்பிரியா களைத்தால், அல்லது அடிபட்டால், இவருக்கு இடம்.

முதல் பயணத்திலேயே ஒருமுறை அந்த இடம் வந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தபோது செல்வப்பிரியாவுக்குக் காலில் சதை பிடித்து நொண்டினார். பயிற்சியாளர் பெஞ்சின் பக்கம் திரும்பி, தயாரா என்று முருகேஸ்வரியைப் பார்த்துக் கேட்டார். முருகேஸ்வரி எழவில்லை. அவள் இன்னும் வெளியே வரவில்லையே என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். பயிற்சியாளர் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மாற்று ஹூக்கருக்குப் பயம் என்று முடிவு செய்துவிட்டார். அந்தப் பயணத்தில் மறுபடி கேட்கவில்லை.

அது பயம் இல்லை. தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு நிரை. அந்த வரிசையில் ஒருத்தி நின்று கொழுந்து எடுக்கும்போது இன்னொருத்தி அதில் கால் வைக்கக் கூடாது. அவளாக முடித்து வெளியே வர வேண்டும். முந்திக்கொண்டு இறங்கினால் லயத்தில் ஒரு வாரம் யாரும் பேசமாட்டார்கள். மாரித்தாயின் பின்னால் நடந்து வளர்ந்த முருகேஸ்வரிக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுத்தவர் செருப்பைப் போடாததுபோல அது தானாக வந்தது. வெளிநாட்டு மைதானத்தில், அத்தனை பேர் பார்க்க, அவர் உடம்பு அந்தச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டது.

அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. இந்திய ரக்பியில் வாய்ப்புகள் அப்படி வரிசை கட்டி வருவதில்லை. ஆண்கள் அணியே தொண்ணூறுகளின் கடைசியில்தான் சர்வதேச ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கியது. பெண்களின் பதினைந்து பேர் அணி முதன்முதலாக இறங்கியது 2018இல். உலகக் கோப்பைக்கு இரண்டு அணியும் இதுவரை தகுதி பெற்றதில்லை. ஆசியப் போட்டிகளில் கீழ்ப் பிரிவு, இரண்டோ மூன்றோ ஆட்டம், திரும்பி வருவது. நடுவில் பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் நிறுத்திப் போட்டது. ஓர் அணியின் மொத்த வரலாற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிவிடலாம். அதில் ஒருவருக்கு ஒரு இடம் என்பது முப்பது வயதைத் தொடும் பெண்ணுக்கு லேசான ஆசை இல்லை.

அடுத்த வருடம் அழைப்பு வந்தது. இந்த முறை ரயில் பாதையை ஒட்டிய ஒரு மைதானம். ஆட்டத்தின் நடுவே ரயில் போனால் நடுவரின் விசில் கேட்காது. முதல் ஆட்டத்தில் இந்தியா வென்றது. செல்வப்பிரியா எண்பது நிமிடமும் ஆடினார். இரண்டாவது ஆட்டம் போட்டியை நடத்தும் நாட்டோடு. வென்றால் அடுத்த வருடம் மேல் பிரிவு. அன்று காலை ஓட்டலில் சாப்பிடும்போது செல்வப்பிரியா நல்ல குஷியில் இருந்தார். "சூரியநெல்லி!" என்று கத்திவிட்டு ஒரு வாழைப்பழத்தை முருகேஸ்வரியின் மேசைக்கு எறிந்தார். வடநாட்டுப் பெண்கள் விழித்தார்கள். இந்திய அணியின் சங்கேதச் சொற்கள் வெறும் எண்கள். அவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் தெரியாது.

ஆட்டத்தின் பிற்பாதி. இந்தியா பன்னிரண்டு, எதிரணி பத்து. ஓடி வந்த ஒருத்தியைச் செல்வப்பிரியா மடக்கி வீழ்த்தினார். விழும்போது அவள் முழங்கால் செல்வப்பிரியாவின் நெற்றிப்பொட்டில் பட்டது. அணியின் டாக்டர் அந்த நேரம் களத்தின் மறுகோடியில் வேறொருத்தியின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். செல்வப்பிரியா தானாக எழுந்தார், முழங்கால் மண்ணைத் தட்டினார், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து இந்தியாவுக்கு லைன் அவுட். செல்வப்பிரியா பந்தைச் சட்டையில் துடைத்தார். தலைக்குமேல் தூக்கினார். "சித்திரபுரம்!" என்று கத்தினார்.

குதிக்க வேண்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பந்து யாருக்கும் இல்லாமல் போனது. ஏதோ ஹிந்தி எண்ணைத் தப்பாக உச்சரித்துவிட்டாள் என்றுதான் அவர்கள் நினைத்ததாகப் பிறகு சொன்னார்கள். மைதானம் முழுக்க அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான்.

முருகேஸ்வரி பெஞ்சின் நுனிக்கு வந்தார். தலையில் அடிபட்டவர் இடம் தெரியாமல் பேசுவார் என்று முகாமில் சொல்லித் தந்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். சொன்னால் ஆளை எடுத்துவிடுவார்கள், அந்த ஆட்டத்தில் திரும்ப விடமாட்டார்கள். அவளுக்குப் பதில் இறங்குவது யார்? தான்தான். இரண்டு பயணமாகக் காத்திருந்த தருணம் இதோ வந்துவிட்டது. அதைத் தன் வாயாலேயே கேட்டு வாங்க வேண்டும். ஒருத்தி நின்று வேலை செய்கிற நிரையிலிருந்து அவளை இழுத்து வெளியே போட்டுவிட்டுத் தான் இறங்க வேண்டும்.

காலையில் வாழைப்பழம் எறிந்தபோதும் கத்தினாளே, இதுவும் விளையாட்டுத்தானோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த லைன் அவுட் வரை பார்ப்போம் என்று உட்கார்ந்தார். ஒரு ரயில் போனது. அதற்குள் செல்வப்பிரியா இன்னும் இருவரை மடக்கி வீழ்த்தினார். இரண்டாவது முறை எழும்போது கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்தார்.

மறுபடி லைன் அவுட். "எலப்புள்ளி!"

முருகேஸ்வரி எழுந்து டாக்டரிடம் ஓடினார். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான்: "அவ இங்க இல்ல டாக்டர். கேரளாவுக்கு ஆடிட்டிருக்கா."

டாக்டர் களத்துக்குள் போனார். இது எந்த ஊர் என்று கேட்டார். செல்வப்பிரியா இரண்டு வருடத்துக்கு முன் தேசியப் போட்டி நடந்த ஊரைச் சொன்னார். எதிரணி யார் என்றதற்கு ஒடிசா என்றார். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்கள்.

கோட்டருகே முருகேஸ்வரி பல்லுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். செல்வப்பிரியா அவர் முன்னால் நின்றார். கண் எங்கேயோ இருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"இதுக்குத்தானுங்க்கா காத்திட்டிருந்தீங்க."

முருகேஸ்வரி கவசத்தைக் கடித்தபடி கோட்டைத் தாண்டினார்.

கால்மணி நேரம் ஆடினார். ஸ்க்ரம்மில் இந்தியா ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் கடைசி லைன் அவுட்டில் அவர் எறிந்த பந்து நேராகப் போகாமல் எதிரணிப் பக்கம் சாய்ந்தது. விதிப்படி அதற்கு ஸ்க்ரம். அந்த ஸ்க்ரம் சரிந்து இந்தியாவுக்கு எதிராகப் பெனால்டி. அதை உதைத்து மூன்று புள்ளி எடுத்தார்கள். பதின்மூன்று, பன்னிரண்டு. மேல் பிரிவு போயிற்று.

ஆஸ்பத்திரியில் செல்வப்பிரியாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. ஆனால் ஒரு நாளில் இவ்வளவு தடவை முட்டிய தலைக்கு ஓய்வு தேவை, எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார்கள். பஸ்ஸில் இந்திய அணியின் கேப்டன் முருகேஸ்வரியின் மடியில் தொப்பியை வைத்தார். அது நீலத் துணியில் தைத்து, பொன் நிறக் குஞ்சம் தொங்கும் சின்னத் தொப்பி. முதல்முறை ஆடியவருக்கு எல்லோரும் பாட்டுப் பாடுவது வழக்கம். அன்று யாரும் பாடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

சூரியநெல்லியில் இந்த முறை செண்டை இல்லை, மாலை இல்லை. ஊரைப் பொறுத்தவரை இவர் ஏற்கெனவே இந்தியாவுக்கு ஆடியவர். இப்போது மறுபடி போய்த் தோற்று வந்திருக்கிறார். லோகேஷ் மட்டும் ஜீப்போடு வந்திருந்தார். தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். "பூஜ்யம் ஒண்ணாயிருச்சு போல" என்றார். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றிப் பையில் வைத்தார். வீடு வரும்வரை வேறு கேலி செய்யவில்லை.

மாரித்தாய்க்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. லைன் அவுட் என்றால் என்ன, சங்கேதச் சொல் எதற்கு, முதல் சத்தம், இரண்டாவது சத்தம், கோட்டருகே செல்வப்பிரியா சொன்னது. நிரையில் நின்றவளை வெளியே இழுத்ததற்கு அம்மா ஏசுவார் என்று முருகேஸ்வரி காத்திருந்தார். மாரித்தாய் அந்தப் பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.  பிறகு கேட்டார்.

"ரெண்டாவது சத்தம் வரைக்கும் ஏன்ட்டி உக்காந்திருந்த? நிரையில ஒருத்தி மயங்கி விழுந்தா, அவளா எந்திரிச்சு வரட்டும்னா நிப்போம்?"

"எனக்கு எறங்கணும்னு அவ்வளவு ஆசை இருந்துச்சும்மா. அதான் எந்திரிக்க முடியல."

மாரித்தாய் தொப்பியை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். 

செல்வப்பிரியாவுக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. போன் மணி அடித்து நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம். வெளிச்சம் பட்டால் தலைவலி, படி ஏறினால் கிறுகிறுப்பு என்று சிசிலி வழியாகத்தான் தெரிந்தது. மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. ரிசார்ட்டில் படுக்கை விரிப்பை மாற்றும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, முருகேஸ்வரியின் காதில் அந்த ஒரு வாக்கியம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் தை பிறந்ததும் இந்திய முகாமிலிருந்து அழைப்பு வந்தது. இம்முறை பெஞ்சுக்கு இல்லை, முதல் ஹூக்கராக. ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வயதில் இனி ஒருமுறை கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பதில் சொல்லாமல் மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி எலப்புள்ளிக்குப் போய் இறங்கினார்.

செல்வப்பிரியாவின் அம்மா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். யார் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் இறுகியது. ஆனால் உள்ளே வரச் சொன்னார். ரொம்ப நேரம் பேச வைக்காதீங்க, தலை நோவு வந்துரும் என்றார். ஜன்னலில் கனத்த போர்வை தொங்கியது. செல்வப்பிரியா கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்து, தோள் இறங்கியிருந்தது. ஐந்து வருடம் கை போட்ட தோள் அது.

"வாங்க்கா" என்றார். வீட்டில் இருப்பவர்களைப் பற்றி விசாரித்தார். போனின் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அதை அம்மா வாங்கி வைத்துவிட்டாராம். முருகேஸ்வரியின் செய்திகளை அவர் பார்க்கவே இல்லை. அது மட்டுமல்ல. அந்த ஆட்டத்தின் பிற்பாதியே அவர் நினைவில் இல்லை. காலையில் வாழைப்பழம் எறிந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றும் இல்லை.

முருகேஸ்வரி சுமந்து வந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கே அது தெரியாது. இவர் வாயைத் திறக்காவிட்டால் அது உலகத்தில் இல்லாத வாக்கியம்.

செல்வப்பிரியா கேட்டார்: "என்னயக் கூட்டிட்டு வாரப்ப நானு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னனுங்களா?"

வெளியே மாட்டின் கழுத்து மணி அசைந்தது. முருகேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொன்னே. இதுக்குத்தான் காத்திட்டிருந்தீங்கன்னு சொன்னே."

செல்வப்பிரியா கண்ணாடியைக் கழற்றப் போய் நிறுத்திக்கொண்டார்.

"அதுல பாதி நெசம்" என்றார் முருகேஸ்வரி. "நீ சித்திரபுரம்னு கத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. அப்பவே எந்திரிச்சிருந்தா அதுக்குப் பொறவு நீ ரெண்டு பேரை மடக்கியிருக்கமாட்டே. இன்னொரு சத்தம் வரட்டும்னு இருந்தேன். ஒன் எடத்துக்கு ஆசைப்பட்டவள்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு இருந்தேன். ஒன் தலையவிட அது பெருசாப் போச்சு எனக்கு."

முகாமிலிருந்து அழைப்பு வந்ததையும், இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். டாக்டர்கள் இனி முட்டி ஆடும் ஆட்டம் வேண்டாம் என்று செல்வப்பிரியாவிடம் சொல்லிவிட்டது சிசிலி மூலம் முருகேஸ்வரிக்கு ஏற்கெனவே தெரியும். 

செல்வப்பிரியா அழவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு விஷயம்.

"கடைசி எறி கோணிப் போச்சுன்னு சொன்னாங்க. நெசமுங்களா?"

"நெசந்தான்."

"வலது தோளு முந்தியிருக்கும். உங்களுக்கு எப்பவுமே முந்தும். நாஞ் சொன்னா எங்க கேக்கறீங்க." எழுந்து, அலமாரிக்கு அடியிலிருந்து காலால் ஒரு பந்தைத் தள்ளினார். அதில் காற்று குறைந்திருந்தது. "வாங்க, வெளிய."

அம்மா தடுத்துப் பார்த்தார். ரெண்டே எறி, நான் சும்மா நிக்கறேன் என்றார் செல்வப்பிரியா. களத்து மேட்டில் தென்னையின் நிழலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கையை மட்டும் உயரே தூக்கினார், குதித்துப் பிடிக்கும் ஆளின் கை எங்கே இருக்கும் என்று காட்டுவதுபோல. பிடிக்கமாட்டார், பந்து அந்தக் கையைத் தாண்டிப் போக வேண்டும்.

முதல் பந்து வலதுபக்கம் சாய்ந்து வைக்கோல் போரில் விழுந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. செல்வப்பிரியா கிட்டே வந்து முருகேஸ்வரியின் வலது தோளைத் தன் உள்ளங்கையால் பின்னுக்கு அழுத்தி வைத்தார். அந்தக் கை சற்று நேரம் அங்கேயே இருந்தது. திரும்பிப் போய் நின்றார்.

"சித்திரபுரம்" என்றார். கத்தவில்லை. சாதாரணக் குரலில் சொன்னார்.

பந்து அவர் விரல்களுக்கு மேலே நேராகப் போனது.

நான்காவது எறிக்கு அவர் நிற்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அம்மா ஓடி வந்து தோளைப் பற்றி உள்ளே அழைத்துப் போனார். வாசலில் திரும்பாமலேயே செல்வப்பிரியா சொன்னார்: "பந்தை எடுத்துட்டுப் போங்க்கா. இங்க காத்து அடிக்க ஆளில்ல."

கதவு சாத்தப்பட்டது. முருகேஸ்வரி பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நடந்தார். ஸ்டாப்பில் நின்றபடியே முகாமுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொன்னார். இன்னொன்றும் கேட்டார்: லைன் அவுட்டில் எண்களுக்குப் பதிலாக ஊர்ப் பெயர்களை வைத்துக்கொள்ளலாமா என்று. முகாமில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஜங்ஷனிலிருந்து அவிழ்த்த ஃபிளெக்ஸ் இப்போது அவர்கள் லயத்துக்குப் பின்னால் விறகின் மேல் கிடக்கிறது. மழைச் சாரல் படாமல் இருக்க மாரித்தாய் போட்டது. 'இந்தியாவுக்காக ஆடிய' என்ற நான்காவது வரி மட்டும் மேலே தெரிகிறது. முகாமுக்குக் கிளம்பிய காலையில் லோகேஷ் அதைக் காட்டி, இதைத் திருப்பிப் போட்டுரவா என்று கேட்டாராம். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி ஜீப்பில் ஏறினார்.